விதையும் நிலமும்: மெலனோமா பரவல் பற்றிய சிந்தனையின் வரலாறு

தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியை உருவாக்கும் செல்கள் மெலனோசைட்டுகள். இச்செல்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா எனப்படுகிறது. தோல் புற்றுநோய்களில் எண்ணிக்கையில் இது சிறுபான்மைதான். ஆனால் தோல் புற்றுநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பங்கு இதனுடையது. காரணம் அதன் பரவும் தன்மை. சில மில்லிமீட்டர் பருமனே உள்ள ஒரு கரும்புள்ளி நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரல், கல்லீரல், மூளைக்கும் சென்று குடியேறிவிடக் கூடும்.

எங்கே செல்லும், எங்கே தங்கும், ஏன் தங்கும் என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டுகளாக விடை தேடி வருகிறார்கள். இன்று தரப்படும் விடையில் முக்கிய இடம் பெறுவது 'கட்டியின் நுண்சூழல்' என்ற கருத்து. கட்டி என்பது புற்றுச் செல்கள் மட்டுமன்று. அவற்றைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுச் செல்கள், இரத்த நாளங்கள், நோயெதிர்ப்புச் செல்கள், இவற்றுக்கு இடையே உள்ள கொலாஜன் முதலிய புரத இழைகள், இவை சுரக்கும் வேதிப்பொருள்கள் ஆகிய எல்லாம் சேர்ந்ததே நுண்சூழல். இக்கருத்து புதிதுபோல் தோன்றினாலும் இதன் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

கறுப்புக் கட்டிகள்

1787ஆம் ஆண்டு லண்டனில் ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவருடைய தாடைப் பகுதியிலிருந்து ஒரு கட்டியை அகற்றினார். அது என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் கட்டியைப் பாதுகாத்து வைத்தார். 1968இல் அதே மாதிரியை நுண்ணோக்கியில் மீண்டும் ஆராய்ந்தபோது அது மெலனோமா என்று உறுதியாயிற்று. மாதிரியைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதன் அருமையை மாணவர்கள் இதிலிருந்து அறியலாம்.

இதைத் தனி நோயாக முதலில் இனம் கண்டவர் பிரான்சு நாட்டின் ரெனே லேனெக். பாடநூல்களில் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவராக அறிமுகமாகும் அதே லேனெக்தான். 1804இல் ஆற்றிய உரையில் உடலின் பல உறுப்புகளில் காணப்பட்ட கறுப்புக் கட்டிகளை விவரித்து அவற்றுக்கு 'மெலனோஸ்' என்று பெயரிட்டார். அந்தக் கறுப்பு, மூச்சுவழி நுழைந்து படியும் கரியன்று என்பதையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். இந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்பதில் அவருக்கும் அவருடைய ஆசிரியர் துப்புயித்திரனுக்கும் பெரிய சச்சரவே நடந்தது. 1820இல் வில்லியம் நாரிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு நோயாளியின் வரலாற்றை எழுதினார். அந்நோய் குடும்பங்களில் வரக்கூடும் என்ற ஐயத்தையும் எழுப்பினார். 'மெலனோமா' என்ற சொல் 1838இல் இராபர்ட் கார்ஸ்வெல்லின் நூலில் வருகிறது.

மெலனோமாவின் நிறம் அக்கால மருத்துவர்களுக்கு ஒரு வசதியைத் தந்தது. பிற புற்றுகள் பரவிய இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். மெலனோமாவோ பிணக்கூறாய்வில் வெளிறிய கல்லீரலின் மேல் மை தெளித்தது போலத் தானே தெரியும். நோய் பரவுவதைக் கண்ணால் காண முடிந்ததால் ஏன் பரவுகிறது என்ற கேள்வியும் சீக்கிரம் எழுந்தது.

பேஜட்டின் கணக்கு

1889இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அது மார்பகப் புற்றைப் பற்றியது. எனினும் மெலனோமா ஆராய்ச்சியின் போக்கையே பின்னாளில் தீர்மானித்தது அக்கட்டுரைதான். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுப் பதிவுகளை அவர் திரட்டினார். கல்லீரலில் புற்று பரவியிருந்தவர்கள் 241 பேர். மண்ணீரலில் பரவியிருந்தவர்கள் 17 பேர் மட்டுமே.

இரத்த ஓட்டம் புற்றுச் செல்களை வெறுமனே அடித்துச் செல்கிறது என்றால் மண்ணீரலுக்கும் அவை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அங்கும் தமனி வழியே இரத்தம் தாராளமாகப் பாய்கிறது. பேஜட் இன்னொரு ஒப்பீட்டையும் செய்தார். இரத்தத்தில் சீழ் கலந்து பல உறுப்புகளில் சீழ்க்கட்டி தோன்றும் நோயாளிகளில் மண்ணீரல் தப்பவில்லை. ஆகவே வழி அடைபட்டிருக்கவில்லை. செல்கள் போய்ச் சேர்ந்தும் முளைக்கவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. செடியின் விதை எல்லாத் திசையிலும் சிதறினாலும் தனக்கு ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்ற உவமையை அவர் எடுத்தாண்டார். விதையை ஆராய்பவர் பலர் இருக்கிறார்கள், நிலத்தை ஆராய்வதும் பயனுள்ளதே என்ற கருத்தையும் முன்வைத்தார்.

இக்கருத்தைத் தாமே முதலில் கண்டதாகப் பேஜட் உரிமை கொண்டாடவில்லை. வியன்னாவின் கண் மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸை அவர் குறிப்பிடுகிறார். ஃபூக்ஸ் 1882இல் ஆராய்ந்தது கண்ணின் உட்படலத்தில் தோன்றும் நிறமிக் கட்டிகளை, அதாவது கண்ணில் வரும் மெலனோமாவை. 'விதையும் நிலமும்' என்ற கொள்கையின் வித்து மெலனோமாவிலேயே இருந்தது என்பதைப் பல நூல்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

குழாய்க் கணக்கு வென்ற காலம்

பேஜட்டின் கட்டுரைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. நியூயார்க்கின் ஜேம்ஸ் யூவிங் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் புற்றுநோயியலில் பெரும் அதிகாரம் பெற்றவர். புற்று எங்கே பரவும் என்பதை இரத்த நாளங்களின், நிணநீர் நாளங்களின் அமைப்பே முடிவு செய்கிறது என்பது அவர் கட்சி. வாய்க்காலில் மிதந்து வரும் சருகு முதல் மதகில் சிக்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம். இது முழுத் தவறும் அன்று. பெருங்குடல் புற்று பெரும்பாலும் முதலில் கல்லீரலுக்குச் செல்வது, குடலின் இரத்தம் நேரே அங்கே போவதால்தான். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் இந்த வாய்க்கால் விளக்கத்தையே சொல்லிக் கொடுத்தேன். மண்ணீரலைப் பற்றி எந்த மாணவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நோய் எப்படிப் பரவுகிறது என்ற கொள்கை ஏட்டோடு நிற்பதில்லை, கத்தியின் வழியைத் தீர்மானிக்கிறது. 1907இல் வில்லியம் சாம்ப்சன் ஹாண்ட்லி, மெலனோமா நிணநீர் நாளங்களின் வழியே தொடர்ச்சியாக ஊடுருவிப் பரவுகிறது என்று கூறி, கட்டியைச் சுற்றி அகலமாகத் திசுவை வெட்டி எடுக்கவும் நிணநீர்க் கணுக்களை நீக்கவும் பரிந்துரைத்தார். அவர் ஆதாரமாகக் கொண்டது ஒரே ஒரு நோயாளியின் பிணக்கூறாய்வு. அதன் அடிப்படையில் சுற்றிலும் 5 செ.மீ. அளவுக்குத் தோலை அகற்றித் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டும் அறுவை பல பத்தாண்டுகள் வழக்கமாயிருந்தது. எத்தனை பேர் தேவைக்கு மேல் வெட்டுப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

இந்நிலை மாறத் தொடங்கியது 1969, 1970 ஆண்டுகளில். வாலஸ் கிளார்க், மெலனோமா தோலின் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு ஐந்து நிலைகளாக வகுத்தார். அலெக்சாண்டர் பிரெஸ்லோ அதைவிட எளிய வழியைக் கண்டார். கட்டியின் பருமனை நுண்ணோக்கியில் மில்லிமீட்டரில் அளந்தார். 98 நோயாளிகளை வைத்து அவர் செய்த அந்த ஆய்வில், 0.76 மி.மீ.க்கும் குறைந்த கட்டிகளால் ஆபத்து மிகக் குறைவு என்று தெரிந்தது. இன்றும் மெலனோமா அறிக்கையில் மருத்துவர் முதலில் பார்ப்பது பிரெஸ்லோ பருமன்தான். கட்டி எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம், அதாவது எந்தச் சூழலுக்குள் இறங்கிவிட்டது என்பதே முக்கியம் என்ற உண்மை இதில் அடங்கியிருக்கிறது.

கால்நடை மருத்துவர் ஃபிட்லர்

நிலத்தை மறுபடி நினைவூட்டியவர் ஐசாயா ஃபிட்லர். 1936இல் ஜெருசலேமில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்று கால்நடை மருத்துவம் படித்தவர். விலங்குகளின் கட்டிகளை வெட்டி எடுத்த பின்னும் அவை பரவல் நோயால் இறப்பதைக் கண்ட அனுபவம் அவரை ஆராய்ச்சிக்கு இழுத்தது. அவர் கையில் எடுத்த கருவி பி16 என்ற மெலனோமா. அது 1954இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு கறுப்பு எலியில் தானாகத் தோன்றிய கட்டி. அதன் செல்களை உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றளவும் வளர்த்து வருகிறார்கள்.

1970இல் ஃபிட்லர் பி16 செல்களுக்குக் கதிரியக்க அயோடின் அடங்கிய பொருளால் அடையாளமிட்டு எலியின் இரத்தத்தில் செலுத்தினார். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் உயிரோடிருந்தவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு! புற்றுச் செல் இரத்தத்தில் கலந்தாலே பரவல் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது வியப்பு. பயணம் செய்பவை பல, பிழைப்பவை மிகச் சில. அடுத்து அவர், நுரையீரலில் பிழைத்துக் கட்டியானவற்றை எடுத்து வளர்த்து மீண்டும் எலிக்குச் செலுத்தினார். இப்படிப் பத்து முறை வடிகட்டியதில் நுரையீரலில் மிகுதியாகக் குடியேறும் பி16-எஃப்10 என்ற வகை கிடைத்தது. 1977இல் மார்கரெட் கிரிப்கேயுடன் சேர்ந்து, ஒரே கட்டிக்குள்ளேயே பரவும் திறன் மிகுந்த செல்களும் குறைந்த செல்களும் முன்கூட்டியே கலந்திருக்கின்றன என்று காட்டினார்.

இதெல்லாம் விதையைப் பற்றியது. நிலத்தைப் பற்றிய சோதனை 1980இல் வந்தது. இயன் ஹார்ட்டும் ஃபிட்லரும் எலியின் தொடைத் தசையில் நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றின் சிறு துண்டுகளை ஒட்டுப்போட்டு வளரவிட்டார்கள். மூன்றுக்கும் இரத்த நாளங்கள் அமைந்தன. பிறகு பி16 செல்களை இரத்தத்தில் செலுத்தினார்கள். எலியின் சொந்த நுரையீரலில் கட்டிகள் தோன்றின. தொடையில் ஒட்டிய நுரையீரல் துண்டிலும் தோன்றின, சூலகத் துண்டிலும் தோன்றின. சிறுநீரகத் துண்டில் தோன்றவில்லை. அறுவைக் காயம் மட்டும் செய்த இடத்திலும் தோன்றவில்லை.

இந்தச் சோதனையை நான் மிக அழகானது என்பேன். நுரையீரலை அதற்குரிய இடத்திலிருந்து எடுத்துத் தொடையில் வைத்தாயிற்று. இரத்தம் அங்கு வரும் வழி முற்றிலும் வேறு. ஆனாலும் மெலனோமா அதைத் தேடி முளைத்தது. குழாய்க் கணக்கு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பேஜட் பதிவேடுகளில் ஊகித்ததை 91 ஆண்டுகளுக்குப் பின் எலியின் தொடை உறுதி செய்தது.

அடக்கி வைக்கும் அண்டை வீட்டார்

ஏற்ற நிலம் வளர்க்கும் என்றால், ஏலாத நிலம் அடக்கவும் வேண்டும் அல்லவா? அதற்கும் சான்றுகள் சேர்ந்தன. கோழிகளில் புற்றை உண்டாக்கும் ரௌஸ் வைரஸ் 1911 முதல் அறியப்பட்டது. 1984இல் டேவிட் டோல்பெர்க், மினா பிஸ்ஸல் ஆகியோர் அந்த வைரஸை இளங்கோழிக் கருவில் செலுத்தியபோது கட்டி உருவாகவில்லை. வைரஸின் புற்று மரபணு செல்லுக்குள் இருந்தும் கருவின் சூழல் அதை அடக்கி வைத்திருந்தது. பிஸ்ஸலின் கருத்தை ஏற்க அறிவியல் உலகம் நெடுங்காலம் தயங்கியது.

மனிதத் தோலில் ஒரு மெலனோசைட் தன் கிளைகளை நீட்டிச் சுமார் 36 கெரட்டினோசைட்டுகளுடன் தொடர்பு வைத்திருக்கிறது. இந்த அண்டை செல்கள் ஈ-கேட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதத்தால் அதைப் பிடித்து, எத்தனை முறை பிளவுறலாம், எங்கே இருக்கலாம் என்று கட்டுப்படுத்துகின்றன. பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் மீன்ஹார்ட் ஹெர்லினின் குழு காட்டியது இது: மெலனோமாவாக மாறும் செல் ஈ-கேட்ஹெரினை இழந்து என்-கேட்ஹெரினை ஏந்திக்கொள்கிறது. அதனால் கெரட்டினோசைட்டின் பிடி விடுகிறது. கீழே டெர்மிஸ் அடுக்கிலுள்ள நார்முன் செல்களோடும் இரத்த நாளச் செல்களோடும் உறவு ஏற்படுகிறது. ஆய்வகத்தில் மெலனோமா செல்லுக்கு ஈ-கேட்ஹெரினை மீண்டும் கொடுத்தபோது அது கெரட்டினோசைட்டுகளின் கட்டுக்குள் திரும்ப வந்தது. பிரெஸ்லோ அளந்த ஆழத்துக்குச் செல் மட்டத்தில் இதுவே ஒரு விளக்கம்.

மெலனோசைட்டுகள் கருவில் நரம்பு முகடு என்ற பகுதியில் பிறந்து, நெடுந்தூரம் நடந்து தோலை அடைபவை. இடம்பெயர்வது இவற்றுக்குப் பிறவி வழக்கம். 2006இல் மனித மெலனோமா செல்களைக் கோழிக் கருவின் நரம்புக் குழாயில் வைத்தபோது, அவை நரம்பு முகட்டுச் செல்கள் செல்லும் அதே பாதைகளில் நகர்ந்து சென்றன, கட்டிகளை உண்டாக்கவில்லை.

முன்கூட்டியே பண்படுத்தப்படும் நிலம்

2005இல் டேவிட் லைடனின் குழு நியூயார்க்கில் ஒன்றைக் கண்டது. எலியில் புற்றுச் செல் போய்ச் சேருவதற்கு முன்பே, அது போகப்போகும் உறுப்பில் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த செல்கள் கூட்டமாகக் குடியேறியிருந்தன. விதைக்கும் முன் உழுது எருவிட்டு வைத்தது போல. மெலனோமா செல்களை வளர்த்த திரவத்தை மட்டும் எலிக்குச் செலுத்திவிட்டு, வேறொரு நுரையீரல் புற்றின் செல்களைக் கொடுத்தபோது, அந்தப் புற்று வழக்கமாகப் போகாத, ஆனால் மெலனோமா போகும் உறுப்புகளுக்குப் பரவியது. விதை ஒன்று, பண்படுத்தியது மற்றொன்று! 2012இல் அதே குழு, மெலனோமா வெளிவிடும் எக்சோசோம் என்ற மிகச் சிறிய பைகள் இந்தச் செய்தியைச் சுமந்து செல்வதாகவும், மஜ்ஜைச் செல்களை அவை மாற்றுவதாகவும் வெளியிட்டது.

நிலத்துக்கு வயதும் உண்டு. இலங்கையில் பிறந்து ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் வளர்ந்தவர் அசானி வீரரத்ன. அவருடைய குழு 2016இல் இளம் எலிகளிலும் முதிய எலிகளிலும் ஒரே மெலனோமா செல்களை வளர்த்துப் பார்த்தது. முதிய எலியின் தோலில் கட்டி மெதுவாகவே வளர்ந்தது. ஆனால் நுரையீரலுக்கு அதிகமாகப் பரவியது. முதிய நார்முன் செல்கள் மிகுதியாகச் சுரக்கும் எஸ்.எஃப்.ஆர்.பி.2 என்ற புரதம் இதற்கு ஒரு காரணம் என்று கண்டார்கள். மெதுவாக வளர்வதால் ஆபத்தில்லை என்று வயதானவர்கள் நிம்மதி அடைய முடியாது. அறுபதைக் கடந்த எனக்கு இது சுவையான செய்தியன்று என்றாலும் எழுதாமல் விடுவதற்கில்லை.

மருந்துகள்

2002இல் மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. அதைத் தடுக்கும் வெமுராஃபெனிப் 2011இல் அனுமதி பெற்றது. கட்டிகள் வியக்கத்தக்க வேகத்தில் சுருங்கின. பலருக்குச் சில மாதங்களில் திரும்ப வந்தன. புற்றுச் செல்லில் நேரும் புதிய மாற்றங்கள் ஒரு காரணம். நுண்சூழல் இன்னொரு காரணம். கட்டியைச் சுற்றியுள்ள நார்முன் செல்கள் சுரக்கும் எச்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி, மருந்து அடைத்த வழியைச் சுற்றிப் போகப் புற்றுச் செல்லுக்கு மாற்றுப் பாதை அமைத்துத் தருகிறது என்று 2012இல் இரு குழுக்கள் தனித்தனியே காட்டின.

நுண்சூழலையே குறிவைத்த மருத்துவம் நோயெதிர்ப்புச் செல்கள் வழியாக வந்தது. கட்டிக்குள் டி-செல்கள் நிறைந்திருக்கும் நோயாளிகள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்பதைக் கிளார்க்கே கவனித்திருந்தார். ஆனால் அச்செல்கள் பெரும்பாலும் கட்டிப்போடப்பட்டிருக்கும். அந்தக் கட்டை அவிழ்க்கும் வழியை ஜேம்ஸ் ஆலிசன் சி.டி.எல்.ஏ-4 மூலமாகவும், தசுக்கு ஹோஞ்சோ பி.டி-1 மூலமாகவும் காட்டினர். இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2010இல் வெளியான ஆய்வில் 676 நோயாளிகள் கலந்துகொண்டனர். இபிலிமுமாப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 6.4 மாதத்திலிருந்து 10 மாதமாக உயர்ந்தது. சிறிய உயர்வாகத் தோன்றலாம். ஆனால் பரவிய மெலனோமாவில் ஒரு மருந்து உயிரை நீட்டித்தது என்று இத்தகைய ஆய்வில் நிறுவப்பட்டது அதுவே முதல்முறை. ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். மூளைக்கும் கல்லீரலுக்கும் பரவிய மெலனோமாவுடன் 2015இல் பெம்ப்ரோலிசுமாப் சிகிச்சை பெற்ற முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2024இல் தமது 100ஆம் வயதில்தான் காலமானார்.

அறுவையும் அடக்கமாயிற்று. முதல் நிணநீர்க் கணுவில் மட்டும் மெலனோமா காணப்பட்டவர்களுக்கு எஞ்சிய எல்லாக் கணுக்களையும் அகற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. கணுக்கள் அனைத்தையும் நீக்கியவர்களில் பலர் கை கால் வீக்கத்தோடு வாழ நேர்ந்திருந்தது.

கருந்தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா மிக அரிது. வரும்போது அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய வெயில் படாத இடங்களில் வருகிறது. 1981இல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் தோன்றியதும் இவ்வகையே. நம் நாட்டில் காலில் முள் குத்திய தழும்பு, இரத்தம் கட்டியது, ஆணி என்று எண்ணிக் காலம் கடத்தி வருகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை வெயிலால் வரும் வெண்தோல் மெலனோமாவையும் பி16 எலியையும் வைத்து நடந்தவை. உள்ளங்கால் மெலனோமாவில் மரபணு மாற்றங்களின் எண்ணிக்கை குறைவு, கட்டிக்குள் நுழையும் டி-செல்களும் குறைவு, ஆகவே ஆலிசன், ஹோஞ்சோ வழிவந்த மருந்துகளுக்கு அது அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை. அந்த நிலத்தின் தன்மையைத் தனியே ஆராயும் வேலை அண்மைக் காலத்தில்தான் வேகம் பெற்றுள்ளது.